வான்கோழி எலும்பு சூப்: எங்கே பிழைத்தது, எப்படித் திருத்துவது

நத்தார் விருந்துக்கு அடுத்த நாள், கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ வீடுகளில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். அலுமினியத் தாளில் சுற்றிய வான்கோழி எலும்புக்கூடு, பாதி மிஞ்சிய உருளைக்கிழங்கு மசியல், காய்ந்துபோன ஸ்டஃபிங், யாரும் கை வைக்காத கிரான்பெரி சோஸ். வெளியே பனி கொட்டுகிறது. சூப் வைக்கலாம் என்ற எண்ணம் வராமல் இருக்காது. நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிக் கொதிக்க விடுகிற இடத்தில்தான் பிழைக்கிறது.

இந்தச் சூப்பில் நீங்கள் உண்மையில் சமைக்கப்போவது எலும்பை மட்டும். விருந்தில் மிஞ்சிய மற்ற எல்லாம் ஏற்கெனவே வெந்தவை, ஏற்கெனவே உப்புப் போட்டவை. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இதை மறப்பதால் வருகிறவை.

சரியாக வந்தால் வேலை இவ்வளவுதான்: 5, 6 கிலோ வான்கோழியின் எலும்புக்கூட்டை முறித்துப் பானையில் போட்டு, அது மூழ்குமளவு தண்ணீர் விடுங்கள். 3 முதல் 4 லீட்டர் பிடிக்கும். ஒரு வெங்காயம், ஒரு கரட், செலரித் தண்டு இரண்டு, மிளகு பத்துப் பன்னிரண்டு. உப்பு வேண்டாம். சிறு தீயில் 3 மணி நேரம் விட்டு வடித்தெடுங்கள். பிறகு மரக்கறி, அது வெந்தபின் இறைச்சி, கடைசியில் உப்பும் புளியும். பிரஷர் குக்கர் என்றால் எலும்பைச் சின்னதாக முறித்து, குக்கரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் வையுங்கள். ஆவியைத் திறந்துவிடாமல் தானாக அடங்க விட்டால் சாறு கலங்காது.

இனி, கோளாறுகள்.

பானையை அடுப்பில் வைக்கும் முன்: எலும்புக்கூடு இரவு எங்கே இருந்தது?

இது ஒன்றுக்குத்தான் திருத்தம் கிடையாது. விருந்து முடிந்து, சீட்டு விளையாடி, படம் பார்த்து, நள்ளிரவில்தான் மேசையை ஒதுக்கினீர்கள் என்றால் அந்த எலும்பைக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள். சமைத்த இறைச்சி 4 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. "கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதிதான் சரி. குளொஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரையும் தாங்கிக்கொள்ளும்; இறைச்சி மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். சில கிருமிகள் விட்டுவைக்கும் நஞ்சோ கொதித்தாலும் போகாது. நவம்பர், டிசம்பரில் பெரிய விருந்துகளுக்குப் பிறகு கூட்டமாக வயிற்று வலியும் வயிற்றோட்டமும் வருவதற்கு அந்தப் பெர்ஃபிரின்ஜென்ஸ் கிருமி பேர்போனது. வான்கோழியும் சுட்ட மாட்டிறைச்சியும்தான் அதற்குப் பிடித்த இடங்கள்.

ஸ்டஃபிங்கைப் பறவையின் வயிற்றுக்குள் அடைத்துச் சுட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. மிச்சத்தை வயிற்றுக்குள்ளேயே விடாமல் வழித்தெடுத்துத் தனியாக வைத்திருக்க வேண்டும். சரியான நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குப் போன எலும்பு என்றால் 3, 4 நாளுக்குள் சூப் வைத்துவிடலாம். அதற்குள் முடியாது என்றால் இன்றைக்கே ஃப்ரீசரில் போடுங்கள். உறைந்த எலும்பை அப்படியே பானையில் இறக்கலாம், உருக வைக்கத் தேவையில்லை.

உப்புக் கரிக்கிறது

அதிகம் பேர் முட்டிக்கொள்ளும் இடம் இது. நீங்கள் ஒரு சிட்டிகை உப்பும் போடவில்லை, ஆனாலும் கரிக்கும். இங்கே பெரிய கடைகளில் விற்கும் உறைந்த வான்கோழிகள் பலவற்றுக்கு உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். பொதியின் சின்ன எழுத்தைப் படித்தால் தெரியும். அதற்கு மேல் நீங்கள் முதல்நாள் உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருப்பீர்கள். தோலில் உப்புத் தடவியிருப்பீர்கள். கிரேவியில் உப்பு, ஸ்டஃபிங்கில் உப்பு. எல்லாம் ஒரு பானைக்கு வருகிறது. அந்தப் பானையை வற்றவும் விடுகிறீர்கள். 4 லீட்டர் 2 லீட்டராக வற்றினால் உப்பின் செறிவு இரண்டு மடங்காகும்.

உருளைக்கிழங்கை முழுசாகப் போட்டால் உப்பை இழுக்கும் என்று ஊரிலும் சொல்வார்கள், இங்கேயும் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுக்காது. உப்புத் தண்ணீரை இழுக்கும். மிச்சத் தண்ணீர் அதே கரிப்போடுதான் இருக்கும். சூப் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

தண்ணீர் சேர்ப்பதுதான் உண்மையான மருந்து. தண்ணீர் சேர்த்தால் ருசியும் மெலியுமே என்று பயந்தால், உப்பில்லாமல் அவித்த மைசூர்ப் பருப்பைக் கரைத்து விடுங்கள். அரை கப் பருப்பை 2 கப் தண்ணீரில் குழைய அவித்துச் சேர்த்தால் அளவும் கூடும், தடிப்பும் வரும், கரிப்பும் அடங்கும். உப்பில்லாத சோறு, பார்லி, லீக்ஸ், கோவா எதுவும் உதவும். கடைசியில் அரைத் தேசிக்காய் பிழிந்தால் மிச்சக் கரிப்பு நாக்குக்குத் தெரியாது. இதற்குப் பிறகும் கரித்தால் அதைச் சூப் என்று நினைக்காதீர்கள். ஃப்ரீசரில் சின்னக் கட்டிகளாக உறைய வைத்து, கறிக்கும் புரியாணிக்கும் உப்புக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறைக்கு: எலும்பைப் பானையில் போடும் முன் தோலையும், தட்டின் அடியில் உறைந்திருக்கும் சாற்றையும் எடுத்துத் தனியாக வையுங்கள். அந்தச் சாறு பொன் போன்றது, ஆனால் உப்பு அதில் நிறைய இருக்கிறது. கடைசியில் ருசி பார்த்துப் பார்த்துக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கலாம்.

"பிள்ளை, இதென்ன மருந்துத் தண்ணியோ?"

அம்மம்மா இப்படிக் கேட்டால் சூப் கசக்கிறது என்று பொருள். எங்கே இருந்து கசப்பு வந்தது என்று பாருங்கள்.

வான்கோழியின் வயிற்றுக்குள் எலுமிச்சையோ தோடம்பழமோ வைத்துச் சுடுவது இங்குள்ள வழக்கம். அதை எடுக்காமல் அப்படியே எலும்போடு போட்டு 3 மணி நேரம் காய்ச்சினால், தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி முழுக் கசப்பையும் இறக்கிவிடும். ரோஸ்மேரி, சேஜ், தைம் போன்ற இலைகளும் அப்படித்தான். ஓவனில் மணப்பவை, நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தால் கஷாயம். அடுத்தது, தட்டில் கருகியது. பொன்னிறமாகப் பிடித்தது ருசி; கறுத்துப் போனது கசப்பு. கறுப்பைச் சுரண்டிப் போடாதீர்கள். ஈரலையும் பாருங்கள். கழுத்து, இருதயம், கல்லீரல் எல்லாம் ஒரு சின்னப் பையில் பறவையோடு வரும். கழுத்தும் இருதயமும் சூப்புக்கு நல்லவை. கல்லீரலைப் போட்டால் சாறு கலங்கிக் கசக்கும். அதை மிளகு போட்டுப் பிரட்டிச் சாப்பிடுங்கள்.

மீந்துபோன பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட், புரோக்கலி, கோவாவை எலும்போடு சேர்த்துக் காய்ச்சினால் கசப்போடு கந்தக நாற்றமும் வரும். கோவாவைப் போடலாம், கடைசிப் பத்து நிமிடத்தில்.

வந்துவிட்ட கசப்பை எடுக்க முடியாது, மூட மட்டும் முடியும். வடித்து, தண்ணீர் கூட்டி, தேங்காய்ப்பாலோ பருப்போ சேர்த்து, ஒரு தேக்கரண்டி சீனி போடுங்கள். புகையில் வாட்டிய வான்கோழி என்றால் வேறு கதை. அதன் எலும்பை முதலில் 5 நிமிடம் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் தொடங்குங்கள்.

பழைய இறைச்சி வாடை

நேற்று மணந்த இறைச்சி இன்றைக்குச் சூடாக்கியதும் நனைந்த அட்டை மாதிரி ஒரு வாடை அடிக்கிறது. பழுதாகவில்லை. சமைத்த இறைச்சியில் உள்ள கொழுப்பு, இறைச்சியிலேயே இருக்கும் இரும்பின் துணையோடு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கெடுவதால் வரும் வாடை அது. கோழியைவிட வான்கோழிக்கு இது சீக்கிரம் வரும், ஒரே இரவில்கூட. மீண்டும் மீண்டும் சூடாக்கினால் கூடிக்கொண்டே போகும்.

காற்றை விலக்குவதே வழி. விருந்தன்றே இறைச்சியை எலும்பிலிருந்து கழற்றி, மிஞ்சிய கிரேவியிலோ சாற்றிலோ மூழ்க வைத்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் வாடை மிகக் குறைவு. தட்டில் விரித்து வைத்த இறைச்சிதான் அதிகம் கெடும். அன்றைக்கு அந்தத் தெம்பு யாருக்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். இளசுகளில் ஒருவரைப் பிடித்து உட்கார்த்துங்கள். கைபேசியோடு சும்மா இருக்கிற கை எத்தனையோ உண்டு.

வாடை வந்தபின் என்றால், இங்கே நம்முடைய கைவைத்தியம் நன்றாகவே வேலை செய்யும். மிளகு, நற்சீரகம், உள்ளி மூன்றையும் இடித்து, வான்கோழிக் கொழுப்பு ஒரு மேசைக்கரண்டியில் வதக்கி, அதில் இறைச்சியைப் போட்டுப் பிரட்டியபின் சூப்பில் சேருங்கள். இரண்டு கராம்பு தட்டிப் போட்டாலும் நல்லது. யாழ்ப்பாணத்துக் கறித்தூளை மட்டும் இந்தப் பானையில் கொட்டாதீர்கள். சேஜும் தைமும் ஏற்கெனவே ஊறிய சாறு அது. வறுத்த தூள் அதோடு சண்டை பிடிக்கும். கறி ருசிதான் வேண்டும் என்றால் இலை எதுவும் படாத எலும்போடு, முதலிலேயே அந்த வழியில் போங்கள். பாதி வழியில் திரும்பினால் சூப்பும் இல்லை, குழம்பும் இல்லை.

சப்பென்று இருக்கிறது, தண்ணீராக ஓடுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு. ருசி இல்லையென்றால் முதலில் உப்பைப் பாருங்கள், பிறகு புளிப்பை. இரண்டும் சரி, ஆனாலும் வெறுமை என்றால் தண்ணீர் கூடிவிட்டது. மூடியைத் திறந்து வற்ற விடுங்கள், உப்பை அதற்குப் பிறகுதான் தொடவேண்டும். அவசரம் என்றால் ஒரு தேக்கரண்டி தக்காளிப் பேஸ்ட்டை எண்ணெயில் கறுஞ்சிவப்பாகும்வரை வதக்கிச் சேருங்கள். மாசித்தூள் அரைத் தேக்கரண்டி இதைவிட நல்லது. யாருக்கும் மாசி என்று தெரியாது, ஆனால் இரண்டாம் கோப்பை கேட்பார்கள். (மீன் ஒத்துக்கொள்ளாத விருந்தாளி இருந்தால் சொல்லிவிட்டுப் போடுங்கள்.)

தடிப்பு இல்லையென்றால் எலும்பிலிருந்து ஜெலட்டின் போதுமளவு இறங்கவில்லை. தோலிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் ஜெலட்டினாக மாறும். ஆறிய சாறு ஃப்ரிட்ஜில் கட்டியாக உறைந்து, தட்டினால் ஆடினால் நன்றாக வந்திருக்கிறது. "ஐயோ, கெட்டுப்போச்சு" என்று அதை ஊற்றிவிடுபவர்கள் உண்டு, ஊற்றாதீர்கள். உறையாவிட்டால் அடுத்த முறை செட்டையையும் கழுத்தையும் தவறாமல் போடுங்கள். ஸ்காபரோவில் சீனக் கடை எதிலும் கோழிப் பாதம் கிடைக்கும். அரைக் கிலோ சேர்த்தால் பிறகு இந்தக் கேள்வியே வராது.

கலங்கலும் எண்ணெயும்

குமிழி விட்டுப் பெருங்கொதியாகக் கொதித்தால் கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். அப்படிக் கலந்ததை வடியாலும் எடுக்க முடியாது, துணியாலும் எடுக்க முடியாது. ருசிக்குக் குறைவில்லை, தெளிவாக இல்லையே என்று வருந்துபவர்கள் பருப்போ பாலோ சேர்த்து அதை வேண்டுமென்றே செய்ததாகக் காட்டிக்கொள்ளலாம். மேலே மிதக்கும் எண்ணெய் என்றால் எளிது. ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் வெள்ளைத் தகடாக உறையும், கையால் தூக்கிவிடலாம். எறியாதீர்கள், வெங்காயம் வதக்க அதைப்போல் இல்லை.

பசையாகிவிட்டது

உருளைக்கிழங்கு மசியலைச் சூப்பில் போட்டுத் தடிப்பாக்குவது நல்ல உத்தி. ஆனால் போட்டபின் பிளெண்டரை இறக்கினால் முடிந்தது. அவிந்த கிழங்கின் மாச்சத்துத் துகள்கள் கத்தியில் உடைந்து இழுபடும் பசையாகும். கையால் அடிக்கும் கம்பியால், ஒரு கோப்பைச் சூடான சாற்றில் மசியலைக் கரைத்து, அந்தக் கரைசலைப் பானையில் ஊற்றுங்கள். பசையான பிறகு என்றால் சாறு கூட்டி மெலிதாக்கலாம். பசைத்தன்மை முழுதும் போகாது. பொடியாக நறுக்கிய லீக்ஸ், வறுத்த பாண் துண்டு என்று கடிபடுகிற ஏதாவது சேர்த்தால் சகித்துக்கொள்ளலாம்.

ஸ்டஃபிங்கும் பாண்தான். நேரே போட்டால் கரைந்து கூழாகும், அடியும் பிடிக்கும். இரண்டு கோப்பை ஸ்டஃபிங்குக்கு ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா சேர்த்துப் பிசைந்து, சின்ன உருண்டைகளாகக் கொதிக்கும் சூப்பில் விடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் மேலே மிதந்து உள்ளேயும் வெந்திருக்கும். பிள்ளைகள் முதலில் தேடித் தின்பது அதைத்தான்.

அடிப்பிடித்துவிட்டால் கிளறவே வேண்டாம். அகப்பையை அடியில் படவிடாமல் மேலே உள்ளதை வேறு பானைக்கு மாற்றுங்கள்.

பால் திரைந்துவிட்டது

சொதி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பாலை விட்டபின் கொதிக்க விடுவதில்லை, இறக்கிய பின்தான் தேசிப்புளி. சூப்புக்கும் அதே சட்டம்தான், தேங்காய்ப்பால் ஆனாலும் கிரீம் ஆனாலும். கொழுப்புக் கூடிய கிரீம் கொஞ்சம் தாங்கும். சாதாரணப் பால் தாங்காது. உருளைக்கிழங்கு மசியலில் பால் இருக்கிறது, கிரீன் பீன் கசரோலிலும் காளான் கிரீம் சூப் இருக்கிறது என்பதை மறந்து தக்காளியைக் கொட்டுவதுதான் வழக்கமான விபத்து. திரைந்ததைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. கண்ணுக்குப் பிடிக்காவிட்டால் இறைச்சியையும் துண்டுகளையும் எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் பிளெண்டரில் அடியுங்கள் (மசியல் போட்டிருந்தால் இது கூடாது, மேலே சொன்ன பசைதான் வரும்).

இறைச்சி நார் நாராகப் போய்விட்டது

நெஞ்சிறைச்சி இரண்டாம் முறை வேகக் கூடாது. கிண்ணத்தில் வைத்து மேலே கொதிக்கும் சூப்பை ஊற்றுவது அழகு, ஆனால் குளிர்ந்த இறைச்சி அப்படிப் போதுமளவு சூடாகாது. மீந்த இறைச்சி 74 பாகை வரை சூடாக வேண்டும். அடுப்பை அணைக்க 3, 4 நிமிடம் முன்னர் பானையில் போட்டால் இரண்டும் நடக்கும். கால் இறைச்சி தாங்கும், கொஞ்சம் முன்னரே போகலாம்.

இனிக்கிறது

மார்ஷ்மெல்லோ போட்ட வற்றாளங்கிழங்கு உள்ளே போயிருக்கிறது, அல்லது கிரான்பெரி சோஸ். இரண்டுக்கும் இந்தப் பானையில் இடமில்லை. போய்விட்டதென்றால் செத்தல் மிளகாய், தேசிக்காய், கொஞ்சம் இஞ்சி. உறைப்பும் புளிப்பும் இனிப்பை அடக்கும். கிரான்பெரியைப் பாணோடு வைத்துத் தின்று தீர்த்துவிடுங்கள்.

பருப்பும் பயறும் வேகமாட்டேன் என்கிறது

தக்காளியோ பழப்புளியோ முந்திவிட்டது. புளிப்பு இருந்தால் பருப்பின் தோல் இளகாது. வெந்தபின் புளி. சிவப்பு பீன்ஸ் போடுகிறவர்கள் தகரத்தில் வருவதைப் போடுங்கள். காய்ந்ததை மெதுகுக்கரில் (ஸ்லோ குக்கர்) நேரே போடக் கூடாது. ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, 10 நிமிடமாவது நன்றாகக் கொதித்த பிறகே அதன் நஞ்சு போகும்.

தொண்டையில் ஊசி குத்துகிறது

வான்கோழிக் காலில் உள்ள தசைநாண்கள் எலும்பாகவே இறுகி மெல்லிய ஊசிகள் மாதிரி இருக்கும். கோழியில் பழகிய கண்ணுக்கு இது தெரியாது. கால் இறைச்சியை எடுக்கும்போது ஒவ்வொன்றாக இழுத்துப் போடுங்கள், கத்தி வேண்டாம், விரல் போதும். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுப்பதற்கு முன் வடித்த சாற்றை இன்னொரு முறை மெல்லிய வடியில் விடுங்கள்.

நூடுல்ஸ் எல்லாச் சூப்பையும் குடித்துவிட்டது

சோறும் நூடுல்ஸும் பானைக்குள் இரவைக் கழித்தால் காலையில் சூப் இருக்காது. தனியாக அவித்து, கிண்ணத்தில் போட்டு, மேலே ஊற்றுங்கள்.

அடுத்த நாள் மூடியைத் திறந்தால் புளித்த மணம்

ஊற்றிவிடுங்கள். பெரிய பானை சூப்பை மூடி அடுப்பிலேயே விட்டுப் படுக்கப் போனதால் வந்தது. 5 லீட்டர் சூப்பின் நடுப்பகுதி ஆற ஒரு இரவு எடுக்கும்; அந்த இரவு முழுக்கக் கிருமிக்கு விருந்து. மூடிய பானையை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளினாலும் நடு ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும்.

பனி கிடக்கிறதே, பின்படியில் வைத்துவிடலாம் என்று தோன்றும். வெயில் பட்டால் மேலே ஏறும், இரவில் இறங்கும், அளவு உங்கள் கையில் இல்லை. ரக்கூனுக்கும் மூடி ஒரு பொருட்டே இல்லை. அதற்காகவே சமையல் கழிவு போடும் பச்சைத் தொட்டிகளைப் பூட்டு வைத்து 2016இல் வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கிய நகரம் ரொறன்ரோ. பனியைப் பயன்படுத்த ஆசை என்றால் உள்ளே கொண்டுவாருங்கள். சிங்க்கில் பனியும் தண்ணீரும் நிரப்பி, பானையை அதில் இறக்கி, அவ்வப்போது கிளறினால் அரை மணி நேரத்தில் கை வைக்கிற சூடுக்கு வரும். பிறகு இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் நிரம்பாத தட்டையான டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜுக்கு.

3, 4 நாளில் முடியாதது ஃப்ரீசருக்குப் போகட்டும். கண்ணாடிப் போத்தல் என்றால் வாய்வரை நிரப்பாதீர்கள்; உறையும் தண்ணீர் பத்தில் ஒரு பங்குக்கு அருகே விரியும், இரண்டு விரல் இடம் விட்டால் வெடிக்காது. பால், கிழங்கு, நூடுல்ஸ் போட்ட சூப் உறைந்து உருகும்போது பிரிந்துவிடும். ஆகவே உறைய வைக்கப்போவது வடித்த வெறும் சாறும் இறைச்சியும் மட்டும், மூடியில் தேதி எழுதி.